இலைத்தூள் போடுமுன் முட்டையை உடைத்துப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

அடைமுட்டைகள் குஞ்சு பொரிக்காமல் கூழாகப் போவதற்கு மூலிகை மருந்து என்று தங்கள் விவசாயப் பக்கத்தில் வந்த குறிப்பை வன்னியில் பலர் வெட்டி வைத்திருக்கிறார்கள். முருங்கையிலைத் தூள், மஞ்சள், உள்ளி, வேப்பிலை, பப்பாசி விதை எல்லாவற்றிலும் ‘ஒவ்வொரு பிடி’ தீனில் கலந்து சேவலுக்கும் பேட்டுக்கும் கொடுக்கச் சொல்லியிருந்தது. முதல் மூன்றையும் பற்றி எனக்குப் பிணக்கில்லை. கடைசி இரண்டும் இனப்பெருக்கத்துக்கென்று வைத்திருக்கும் சேவலுக்கு ஆகாதவை.

வேப்பெண்ணெய் விந்தணுவை அசையாமல் ஆக்கிவிடும். பப்பாசி விதைச் சாறு கொடுத்த ஆண் எலிகளில் கருவளம் குறைந்ததும், நிறுத்தியபின் அவை மீண்டதும் ஆய்வுகூடங்களில் பார்த்த விடயம். வயிற்றுப் பூச்சிக்கு இவற்றைக் கொடுப்பது ஊர் வழக்கம்தான். இறைச்சிக்கு வளர்க்கும் கோழிக்குக் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். அடைமுட்டை எடுக்கும் பட்டியில், அதுவும் நாள்தோறும், வேண்டாம். பூச்சி இருந்தால் கால்நடை வைத்தியரிடம் கேட்டு ஒரே தடவையில் மருந்து கொடுத்து முடிப்பது நல்லது.

மருந்து தேடுமுன் அது எந்தவகைக் கூழ் என்று பார்க்க வேண்டும். அடை வைத்த ஏழாம் நாள் இருட்டறையில் டோர்ச் பிடித்துப் பார்க்கையில் வெறுமையாகத் தெரியும் முட்டையைச் ‘சேவல் படாதது’ என்று வளவின் மூலையில் எறிந்துவிடுகிறோம். எறியாமல் ஒரு வெள்ளைப் பீங்கானில் மெதுவாக உடைத்து ஊற்றிப் பாருங்கள். மஞ்சட்கருவின் மேல் குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிதாக, ஓரம் சீரில்லாமல், அடர்ந்த வெண்புள்ளி ஒன்று மட்டும் இருந்தால் அது சேவல் சேராத முட்டை. புள்ளி அகன்று பால்நிற ஆடைபோலப் பரந்திருந்தாலோ, சுற்றி மெல்லிய இரத்த வளையம் கட்டியிருந்தாலோ, கரு உண்டாகிச் செத்திருக்கிறது. அடை வைக்குமுன்னரே அறிய விரும்பினால் அன்றைய முட்டையில் இரண்டை உடைத்தால் போதும். கருவுற்றதில் புள்ளி வட்டமாக, நடுவில் தெளிந்து, விளிம்பு வெளுத்து வளையம்போலத் தெரியும்.

கரு உண்டாகிச் செத்தது என்றால் சேவலைக் குறைசொல்ல வேண்டாம். எங்கள் பக்கம் சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் வீட்டுக்குள்ளேயே 32 பாகை வெக்கை இருக்கும். 20–24 பாகைக்கு மேல் போனாலே கரு மெல்ல வளரத் தொடங்கும். வளர்ந்து, தடைப்பட்டு, பலவீனமாகி, குஞ்சு பொரிக்கும் மெசினுக்குள் போய்ச் சாகும். அந்த மாதங்களில் முட்டையை ஐந்து நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக்கூடாது. ஈரமணலில் புதைத்த மண்பானைக்குள், அகன்ற முனை மேலே இருக்க அடுக்கி, வாயை ஈரத்துணியால் கட்டிவிடலாம். துணி முட்டையில் படக்கூடாது. காற்று வறண்டிருக்கும் காலத்தில் பானை நன்றாகக் குளிரும். மாரியில் குளிராது, பூஞ்சணம்தான் பிடிக்கும். மெசினில் விசிறி இருந்தால் 37.5 பாகை. விசிறி இல்லாத ரெஜிபோம் பெட்டியென்றால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 வரை இருக்கலாம். வெப்பமானியைப் பெட்டியின் மூடியில் தொங்கவிட்டுக் கணக்குப் பார்த்தால் குஞ்சு கிடைக்காது.

நாலாம் நாளளவில் கூட்டமாகச் செத்தால் தவிட்டை மணந்து பாருங்கள். மில்லில் குத்தி வந்த தவிட்டில் எண்ணெய் அதிகம். சாக்கில் கட்டி வெக்கையில் வைத்தால் விரைவிலேயே காறல் மணம் வரும். காறின எண்ணெய் தீனிலுள்ள விற்றமின் ஈயை அழித்துவிடும். அந்த விற்றமின் குறைந்த பேட்டின் முட்டையில் கருவின் இரத்த ஓட்டம் கெட்டு மூன்றாம் நான்காம் நாளில் சாவு வரும். சேவலிலோ நெடுநாள் குறைந்தால் விந்து உண்டாகும் விதையே சுருங்கும். காறின தவிட்டின் மேல் எந்த மூலிகையைத் தூவினாலும் அது சரியாகாது. ஒரு கிழமைக்குத் தேவையான தவிட்டை மட்டும் வாங்குவதுதான் வழி.

சேவல் சேராத முட்டைதான் அதிகமென்றால் அப்போது சேவலிடம் வரலாம். எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல். கால் புண்ணோ மூட்டு வீக்கமோ உள்ள சேவல் ஏறாது. பின்புறத்தில் அடர்ந்த சிறகுகளைக் கத்தரித்துவிட வேண்டும். பேடுகளுக்குப் போடும் லேயர் தீனில் கல்சியம் நூற்றுக்கு மூன்றரை, நான்கு பங்கு இருக்கும். சேவலுக்கு ஒரு பங்கே போதும். ஆண்டுக்கணக்கில் அதையே தின்னும் சேவலின் சிறுநீரகம் தாங்காது. கல்சியம் குறைந்த தீனைப் பட்டிக்குப் பொதுவாக வைத்து, சிப்பித்தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள். பேடு தேடிவந்து கொத்தும். சேவல் பெரும்பாலும் தொடாது.

இலைத்தூள் உதவுமிடம் இதுதான். கோழியின் விந்தணுச் சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதி. வெக்கையில் அது எளிதில் சிதைந்து விந்தணு வலுவிழக்கும். பச்சை இலையிலுள்ள கரோட்டினும் விற்றமின் ஈயும் மஞ்சளிலுள்ள குர்க்குமினும் அந்தச் சிதைவுக்கு எதிராக நிற்கக்கூடியவை. சேவலைச் சேர்ந்த தொல்லைக்கு வெக்கைதான் காரணமென்றால் பலன் தெரிய இடமுண்டு. கிழட்டுச் சேவலையோ, தன் தங்கையோடே தலைமுறையாகச் சேரும் சேவலையோ இது திருத்தாது. அதற்கு வேறு ஊர்ச் சேவலை மாற்றிக்கொள்ள வேண்டும்.

முருங்கையிலையை ஈர்க்கு நீக்கி உருவி, நிழலில் சாக்கின் மேல் மெல்லிதாகப் பரப்பி, நாளுக்கு இருதடவை கிளறி மூன்று நாலு நாள் உலர்த்த வேண்டும். வெயிலில் காய்ந்தால் பச்சை மங்கி, கரோட்டின் போய்விடும். கையில் நொறுங்கும்போது மொறுமொறு என்று ஒலித்தால் இடிக்கலாம். வளைந்தால் இன்னொரு நாள். ஐந்து கிலோ இலை ஏறத்தாழ ஒரு கிலோ தூளாகும். காற்றுப் புகாத தகரத்தில் ஒரு மாதத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள். ஒரு கிலோ தீனுக்கு 30 கிராம் தூள், 5 கிராம் மஞ்சள். பத்துப் பேடும் ஒரு சேவலும் நாளுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தின்னும் என்பதால் கணக்கு இலகு. 50 கிராமைத் தாண்டினால் நாரும் கசப்பும் கூடித் தீனில் வாய் வைக்காது, முட்டையும் குறையும். வேலிக்கு நிற்கும் இபில் இபில் இலை மஞ்சட்கருவை நிறமாக்கும் என்று சிலர் அள்ளிப் போடுகிறார்கள். அதிலுள்ள மிமோசின் என்ற நச்சுப்பொருள் முட்டையிடுவதைக் குறைக்கும். அடைமுட்டைப் பட்டியில் அது வேண்டாம். எள்ளுப் புண்ணாக்கு நல்ல புரதம்தான், ஆனால் அதில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. கருவாட்டுத் தூளோடு சேர்த்தால்தான் சரி.

ஒரு கிழமையில் பலன் தெரியவில்லை என்று நிறுத்தியவர்களும், ஒரு கிழமையில் பலித்தது என்று சொல்பவர்களும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். சேவலில் விந்து உருவாக இரண்டு கிழமையளவு ஆகும். பேடோ முன்பு பெற்ற விந்தை உடலுக்குள் இரண்டு கிழமை வைத்திருந்து முட்டைக்கு முட்டை பயன்படுத்தும். ஆகவே தூள் தொடங்கி நாலு கிழமை கழிந்து சேர்த்த முட்டைகளையே கணக்கில் எடுக்க வேண்டும். அதே வயதுக் கோழிகளை இரண்டு பட்டியாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் தூள் போட்டு, பென்சிலால் குறியிட்டு, ஒவ்வொன்றிலும் 30 முட்டையாவது ஒரே மெசினில் வையுங்கள். இரண்டு மூன்று முட்டை வித்தியாசம் தற்செயலாகவும் வரும். அதைக் கண்டு தூளை வாங்கிக் குவிக்க வேண்டாம்.

பரந்தனிலிருந்து முள்ளியவளை வரை பெண்கள் பலருக்கு இந்த ஊர்க்கோழிக் குஞ்சுதான் கைக்காசு. ஒரு அடை தவறினால் 21 நாளும் முட்டைக் காசும் சேர்ந்து போகிறது. ஆகையால் வேப்பிலை, பப்பாசி விதை பற்றிய வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். இனிமேல் இத்தகைய குறிப்புகளை ‘பிடி’ கணக்கில் அல்லாமல் ஒரு கிலோ தீனுக்கு இத்தனை கிராம் என்று அச்சிடும்படியும் அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊர்க்கோழி வளர்ப்பாளர்,
ஒட்டுசுட்டான்.