தண்ணீர் நிற்காத மழைக்காலம்: எங்கள் தெருவின் நன்றி மடல்

வார்டு உதவிப் பொறியாளர், மழைநீர் வடிகால் பணியாளர்கள், குடிநீர் வாரியப் பகுதி அலுவலகத்தினர், மின்வாரிய லைன்மேன்கள், தூய்மைப் பணியாளர்கள், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாவில் எங்கள் கோரிக்கையைப் பதிவு செய்ய வைத்த மாமன்ற உறுப்பினர் ஆகிய அனைவருக்கும் வணக்கம்.

சென்னைக்குக் கிடைக்கும் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. இந்த முறை அந்த மழையில் எங்கள் தெருவின் பள்ளமான முனையில்கூடத் தண்ணீர் தேங்கவில்லை. பொத்தாம்பொதுவாக நன்றி சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்று விவரமாக எழுதினால், பக்கத்துத் தெருக்காரர்களும் அதையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

முதல் நன்றி உதவிப் பொறியாளருக்கு. வடிகால் இருக்கும் தெருவில் தண்ணீர் நின்றால் "வடிகால் பத்தவில்லை, பெரிதாகக் கட்டுங்கள்" என்றுதான் எல்லோரும் கேட்போம். அவர் மேடு பள்ளம் அளக்கும் டம்பி லெவல் கருவியை வைத்து, சாலை மட்டம், வடிகாலின் அடிமட்டம், இரண்டையும் இணைக்கும் ஆறு அங்குலக் குழாயின் வாய் மூன்றையும் அளந்து பார்த்தார். வடிகாலில் குறை இல்லை, குழாயின் வாயில்தான் குறை. நடைபாதையைப் புதுப்பித்த இடங்களில் குழாய் வாய் சாலைக்கு இரண்டு அங்குலம் மேலே இருந்தது. அந்த இரண்டு அங்குலத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால்தான் உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்ட இடங்களில் வாய் பாதி புதைந்திருந்தது. சுரண்டிவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டிருக்கிறார். சாலை போடும் ஒவ்வொரு முறையும் மக்கள் நின்று கேட்டால்தான் அது நடக்கும்.

அந்தக் குழாய்களை எடுத்துவிட்டுச் சாலை மட்டத்திலேயே இரும்புக் கம்பிச் சட்டமும், அதன் அடியில் வண்டல் வடிகட்டித் தொட்டியும் வைத்தார்கள். தொட்டியின் அடிப்பாகம் வடிகாலுக்குப் போகும் குழாயைவிட ஓர் அடி ஆழம். மணல் அங்கேயே தங்கிவிடும், தண்ணீர் மட்டும் வழிந்து உள்ளே போகும். கம்பிகளுக்கு இடையே சுமார் ஓர் அங்குலம் இடைவெளி. அதைவிட நெருக்கினால் தூங்குமூஞ்சி மரத்தின் இலையே போர்வை மாதிரி மூடிவிடும். அகலமாக விட்டால் தண்ணீர் பாட்டில் உள்ளே போய்விடும். கம்பிகள் வண்டி போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் சைக்கிள் சக்கரம் மாட்டும். இந்தச் சின்ன விஷயத்தையும் மறக்காமல் கவனித்த வெல்டருக்குத் தனி நன்றி.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஹெக்டேர் பரப்பில் விழுவது 5 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நாற்பதுக்கு மேல். அத்தனையும் அந்தச் சில வாய்கள் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும்.

அடுத்து தூர் வாரிய குழுவினர். அவர்கள் கடைமடையில், கால்வாயில் சேரும் முனையில் ஆரம்பித்து மேல்நோக்கி வந்தார்கள். மேலிருந்து ஆரம்பித்தால் கலங்கிய சேறு கீழே போய் இறுகி, அங்கே இரண்டு மடங்கு வேலை வைக்கும். எடுத்த வண்டலைக் கரையில் குவித்துவிட்டுப் போவது எல்லா ஊரிலும் பார்க்கும் காட்சி. மறுநாள் மழை வந்தால் அத்தனையும் திரும்ப உள்ளேதான். இங்கே அடியில் துளை போட்ட சாக்குகளில் கட்டி, நீர் வடிந்ததும் அன்று மாலையே லாரியில் ஏற்றினார்கள். சிமெண்ட் மூடிகளில் துருப்பிடித்து உடைந்திருந்த கொக்கிகளையும் மாற்றினார்கள். கொக்கி இல்லாத மூடியைக் கடப்பாரையால் நெம்பினால் விளிம்பு உடையும், அந்த உடைசல் விழுவதும் வடிகாலுக்குள்தான்.

இந்தக் குழுவின் மேற்பார்வையாளர் ஆளை உள்ளே இறக்க மறுத்து, இயந்திரம் வரும்வரை வேலையை நிறுத்தி வைத்தார். தாமதத்துக்குச் சிலர் முணுமுணுத்தார்கள். மழைநீர் வடிகால்தானே என்பது பேதைமை. கழிவுநீர் கலந்த மூடிய வடிகாலில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கும், மூடியைத் திறந்த மாத்திரத்தில் அது போய்விடாது. மனிதரை வைத்துக் கழிவகற்றுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கழிவுநீர்க் குழியில் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. இழப்பீடு கொடுக்கும் நிலையே வராமல் பார்த்துக்கொண்ட அவருக்கு எங்கள் வணக்கம்.

குடிநீர் வாரியத்தினர் செய்தது எங்களுக்கே புதிய பாடம். மழையே இல்லாத மே மாதத்தில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது கழிவுநீர் என்பது தெரிந்ததே. எந்த வீட்டிலிருந்து என்பதுதான் சிக்கல். வீடுகளின் கழிவுநீர் அறைக்குழிகளில் சாயப் பொடி கரைத்து ஊற்றி, வடிகாலில் எங்கே நிறம் வருகிறது என்று பார்த்தார்கள். ஆனால் கண்டுபிடித்ததும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டு கழிவு வீட்டுக்குள் திரும்பியதால்தான் பலரும் வடிகாலில் குழாய் விட்டிருந்தார்கள். அடைப்பை நீக்காமல் துண்டித்தால் இரவோடு இரவாக மறுபடி உடைத்து இணைத்துவிடுவார்கள். அதனால் முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பை நீக்கும் ஜெட்ராடிங் இயந்திரத்தால் பிரதானக் குழாயைச் சுத்தம் செய்து, ஆள்நுழைவுக் குழிகளில் ஓட்டத்தைச் சரிபார்த்து, அதன் பிறகே முறையற்ற இணைப்புகளை அடைத்தார்கள். ஒத்துழைத்த வீட்டுக்காரர்களுக்கும் நன்றி. யார் வீடு என்பது இங்கே தேவையில்லை.

மின்வாரிய லைன்மேன்கள் தாழ்வாக இருந்த பில்லர் பெட்டியை (தெருவோர மின்விநியோகப் பெட்டியை)ச் செங்கல் பீடம் கட்டி உயர்த்தினார்கள், கம்பியில் உரசிய கிளைகளை மழைக்கு முன்பே வெட்டினார்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் பெட்டி திறந்து கிடந்தால் யாரும் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லுங்கள். வடிகால், மரம் தொடர்பான புகார்களுக்கு மாநகராட்சியின் 1913.

காலையில் பெருக்கும் தூய்மைப் பணியாளர் அக்காக்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். சருகைக் கம்பிச் சட்டத்துக்குள் தள்ளிவிட்டால் அவர்கள் வேலை பாதியாகும். அப்படிச் செய்யாமல் தனியாக அள்ளினார்கள். பெருமழைக்குப் பிறகு தொட்டிகளிலிருந்து வண்டல் எடுக்கப்பட்டதா என்று பார்த்துச் சொன்னவர்களும் அவர்களே. தரமான கையுறையும் முழங்கால் பூட்சும் அவர்களுக்கு நேரத்தில் கிடைக்க வேண்டும் என்பதை நன்றியோடு சேர்த்தே எழுதுகிறோம்.

வடிகால் நிரம்பிய நேரத்தில் தண்ணீர் தேங்காமல் டீசல் மோட்டார் வைத்து இறைத்த தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. உறிஞ்சு குழாயின் முனையைத் துளையுள்ள பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்தது நல்ல யோசனை, கவர் போய் வால்வை அடைக்கவில்லை. வெளியேற்றும் குழாயைப் பக்கத்து வடிகாலில் விடாமல் அடுத்த தெருவின் தனி வடிகால் வரை இழுத்தார்கள். நிரம்பி நிற்கும் அதே வடிகாலில் விட்டால் அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும், டீசல்தான் செலவாகும்.

இதற்காக இனி வெள்ளமே வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது போலக் கால்வாயே நிரம்பி, கடலும் நீரை உள்வாங்காமல் நின்றால், வடிகால் பின்னோக்கித்தான் ஓடும். அதற்குக் கால்வாய் முகப்பில் ஒருவழிக் கதவு வேண்டும்; அது நீர்வளத் துறையும் மாநகராட்சியும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. கோரிக்கை மனு இந்த மடலுடன் இணைக்கப்பட்டுள்ளது. தை பிறந்ததும் தொட்டிகளை ஒருமுறை முழுதாகக் காலி செய்து தர வேண்டும் என்பது இன்னொரு கோரிக்கை. அன்றைக்கு வண்டிகளைத் தெருவிலிருந்து எடுத்து வைப்பதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தினர்