முதல் வாள் வாங்கப் போகும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். திருவாரூர்ப் பக்கம் குளம் தூர்வாரும்போது கிடைத்த சோழர் காலத்து வாள் என்கிறார் விற்கிறவர். அதை விட்டுவிடு. ஆயிரம் வருஷம் நம் ஊர்ச் சேற்றில் கிடந்த இரும்பு துருக்கட்டியாகத்தான் வெளியே வரும், இப்படிப் பளபளக்காது. ஒருவேளை அவர் சொல்வது நிஜமாகவே இருந்தாலும், புதையலாகக் கிடைத்ததைக் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1878-ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் அது நீ வாங்கக்கூடிய பொருள் இல்லை.

தஞ்சாவூர் வாள் என்று இன்று கண்ணால் பார்க்க முடிவது பெரும்பாலும் நாயக்கர், மராட்டியர் காலத்தவை. 1855-இல் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தபின் அரண்மனை ஆயுதசாலை கலைந்தது. அதில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காசை எடுக்குமுன் அங்கே ஒரு பகல் முழுக்க நின்று பார். அந்தக் காலத்து வாள்களில் பிடி நம் ஊர் வேலையாகவும், அலகு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்ததாகவும் இருப்பதுண்டு. ஃபிரங்கி என்பார்கள். அலகும் பிடியும் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்க்கப் பழகிவிட்டால் பாதி ஏமாற்று அங்கேயே பிடிபடும்.

முதல் வாளாக, தங்கவேலை எதுவும் இல்லாத 19-ஆம் நூற்றாண்டுத் தல்வார் ஒன்றைத் தேடு. வளைந்த அலகு, இரும்புப் பிடி, பிடியின் தலையில் வட்டத் தட்டு. கையில் எடுத்தால் பிடி சின்னதாக, இறுக்கமாகத் தெரியும். பயப்படாதே, அது அப்படித்தான். அலகைக் கண்மட்டத்தில் வைத்து, முதுகு வழியாக முனைவரை ஓட்டிப் பார். கோணல் இருந்தால் தெரிந்துவிடும். அப்புறம் மெதுவாக ஆட்டிக் காதால் கேள். அலகின் வால், அதாவது பிடிக்குள் நுழையும் பகுதி, குட்டையானது; அதை அரக்கு ஊற்றித்தான் பிடித்திருப்பார்கள். கடகடவென்றால் அரக்கு விட்டுப்போயிருக்கிறது. அது சரிசெய்யக்கூடிய குறை, விலையைக் குறைத்துக் கேள். ஆனால் பிடியோடு அலகு பற்றவைக்கப்பட்டிருந்தால் கீழே வைத்துவிடு.

அலகில் நீரோட்டம் மாதிரி ரேகை இருந்தால் விலையை ஏற்றிச் சொல்வார்கள். தமிழ்நாட்டு எஃகுக்கு அந்தப் பெருமை உண்டு. கொங்குப் பக்கம் கொடுமணல் அகழாய்வில் எஃகு உருக்கிய தடயங்களே கிடைத்திருக்கின்றன. ஆனால் அமிலத்தால் மேலே வரைந்த போலி ரேகையும் சந்தையில் ஏராளம். போலியில் ஒரே வடிவம் சேலைக்கரை அச்சு மாதிரித் திரும்பத் திரும்ப வரும். உண்மையான ரேகை எஃகின் உடம்பிலேயே இருப்பது, ஓரிடம் போல இன்னோரிடம் இருக்காது. அதைப் பிரித்தறியக் கண் பழகும்வரை ரேகைக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதே.

நூறு வருஷத்துக்கு மேற்பட்டது 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். உரிமத்தைக் கேட்டுப் பார், ரசீது இல்லாமல் வாங்காதே. ஆயுதச் சட்டம் தனி. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு அந்த விதிகளுக்குள் வரும். முன்பணம் கொடுக்குமுன், இதை வைத்திருக்க உரிமம் வேண்டுமா என்று கலெக்டர் ஆபீஸில் மனுப் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்.

வீட்டுக்கு வந்தபின் அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிடு: பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுகிற புளியை வாள் பக்கம் கொண்டுபோகக் கூடாது. எலுமிச்சை, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். புளிப்பு இரும்பை அரித்துவிடும், உப்புத்தாள் பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிடும். நல்லெண்ணெய் பிசுபிசுவென்று படிந்து தூசி பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய பருத்தித்துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் கைரேகை பட்ட இடம்கூடத் துருப்பிடிக்கும், ஆகவே யார் தொட்டாலும் உடனே துடை. தோலுறைக்குள் போட்டு வைக்காதே, தோல் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை எடுத்துப் பார்.

அன்புடன்,
மாமா