மழை அறிவிப்பைப் படிக்க எதற்கு லாகின்?

சமூக ஊடகங்களில் பொதுமக்களுக்கு அறிவிப்புகள் வெளியிடும் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பருவமழைக் காலத்தில் உங்கள் பாடு லேசானதல்ல. எந்தச் சுரங்கப்பாதை மூடியிருக்கிறது, எந்த மாவட்டத்தில் பள்ளி விடுமுறை, எந்த ஏரியில் உபரிநீர் திறக்கிறார்கள் என்று ராத்திரி நேரத்திலும் பதிவு போடுகிறீர்கள். ட்விட்டரைத் தேர்ந்தெடுத்ததிலும் தப்பில்லை. 2015 வெள்ளத்தில் படகு எங்கே, சாப்பாடு எங்கே என்று சென்னைக்காரர்கள் அங்கேதான் தேடினார்கள்.

ஆனால் அந்த ட்விட்டர் இப்போது இல்லை. 2022 அக்டோபரில் எலான் மஸ்க் அதை 4,400 கோடி டாலருக்கு வாங்கினார், பிறகு எக்ஸ் என்று பெயரையும் மாற்றினார். 2023 ஜூன் கடைசியில், லாகின் செய்யாதவர்கள் எதையும் பார்க்க முடியாதபடி கதவைச் சாத்தினார்கள். மறுநாள் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் ரேஷன் வந்தது: பணம் கட்டாதவர் நாளொன்றுக்கு 600 பதிவுகள்தான் படிக்கலாம். அன்றைக்கே அது 800 ஆகி, 1,000 ஆனது. பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆனால் லாகின் செய்யாமல் ஒரு கணக்கைத் திறந்தால் புதிய பதிவுக்குப் பதிலாக, எப்போதோ அதிகம் பகிரப்பட்ட பழைய பதிவுகள் மேலே வர ஆரம்பித்தன. சினிமா நடிகரின் பக்கம் என்றால் பரவாயில்லை. மழை எச்சரிக்கைப் பக்கத்தில் போன வருஷத்துப் புயல் முதலில் நின்றால்?

நியூயார்க்கில் ரயில், பேருந்து ஓட்டும் எம்டிஏ நிர்வாகம் 2023 ஏப்ரலில் ட்விட்டரில் சேவை அறிவிப்புகள் போடுவதையே நிறுத்தியது. தானியங்கிப் பதிவுகளுக்கு மாதம் 50,000 டாலர் கேட்டிருந்தார்கள். சில நாளில் பொதுச் சேவைகளுக்கு இலவசம் என்று நிறுவனம் இறங்கி வந்தது, எம்டிஏவும் திரும்பிப் போனது. சரி, அடுத்த தடவை முதலாளியின் மனசு மாறினால் யாரிடம் மனு கொடுப்பது?

உள்நாட்டு நிறுவனம் என்றால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்களுக்கு, ட்விட்டருக்குப் போட்டியாக வந்த இந்தியச் செயலி 'கூ' நினைவிருக்கும். 2021-இல் மத்திய அமைச்சர்களும் அமைச்சகங்களும் வரிசையாக அங்கே போனார்கள். தமிழிலும் எழுத முடிந்தது. 2024 ஜூலையில் மூடப்போவதாக அறிவித்தார்கள். ஒற்றை நிறுவனத்தை நம்பி அரசின் அறிவிப்புப் பலகையை மாட்டினால், அது எந்த ஊர் நிறுவனமாக இருந்தாலும் கதி இதுதான்.

நான் கேட்பது வேறு ஏற்பாடு. மாஸ்டடான் என்பது ட்விட்டர் போலவே பதிவு போட, ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ 2016-இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். யாரும் தங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். மின்னஞ்சலைப் போல, ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். இதற்கான ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018-இல் ஏற்றுக்கொண்டது. மெட்டாவின் த்ரெட்ஸ்கூட 2024-இல் இதோடு ஓரளவு இணைந்தது. பொதுப் பதிவுகளைக் கணக்கில்லாமலே வரிசையாகப் படிக்கலாம், புதிய பதிவுகளை வேறு செயலியில் வாசிக்க உதவும் ஆர்எஸ்எஸ் (RSS) ஓடையும் தானாகக் கிடைக்கும். போலிக் கணக்குத் தொல்லையும் குறையும்: முகவரி அரசு டொமைனில் முடிந்தால் நீலக் குறிக்கு என்ன வேலை?

ஜெர்மனியின் மத்திய அரசு அலுவலகங்களுக்கும் நெதர்லாந்து அரசுக்கும் இப்படிச் சொந்த சர்வர்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் கதைதான் உங்களுக்கு அதிகம் உதவும். அதன் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் 2022-இல் சோதனையாக ஒரு சர்வர் தொடங்கியது. தொடர்ந்து நடத்தும் பொறுப்பை வேறு அமைப்பு ஏற்காததால் 2024 மே மாதம் மூடியது. ஆனால் ஐரோப்பிய ஆணையம் தன் கணக்கைச் சொந்த சர்வருக்கு மாற்றிக்கொண்டது. மாஸ்டடானில் கணக்கு மாறினால் பின்தொடர்பவர்களும் கூடவே வந்துவிடுவார்கள். பழைய பதிவுகள் மட்டும் வராது, அது குறைதான். எக்ஸிலிருந்து இப்படி ஒருவரைக்கூட அழைத்து வர முடியாது.

"எங்கள் மக்கள் அங்கே இல்லையே" என்பீர்கள். உண்மைதான். 2019 நவம்பரில் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது இந்தியர்கள் கூட்டமாக மாஸ்டடானுக்குப் போனார்கள்; பலர் தங்கவில்லை. அதனால் எக்ஸை விடச் சொல்லவில்லை. முதலில் உங்கள் சர்வரில் போடுங்கள், அப்புறம் அதையே எக்ஸ், முகநூல், வாட்ஸ்அப் என்று எங்கே வேண்டுமானாலும் பகிருங்கள். மூலம் உங்கள் கையில் இருந்தால் போதும்.

மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் கீழ் மாநிலத் தரவு மையம் இருக்கிறது, மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. செலவு சர்வருக்கும் அதைப் பராமரிக்கும் ஆட்களுக்கும்தான். பொதுமக்களுக்கு அதில் கணக்குத் திறந்துவிடாதீர்கள். வசவுகளை நீக்குவதிலேயே பொழுது போய்விடும். அலுவலகங்களுக்கு மட்டும் போதும். எல்லாத் துறையும் ஒரே நாளில் வரவேண்டும் என்றும் இல்லை. வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மழை, வெள்ள எச்சரிக்கைக்கு ஒரே ஒரு கணக்கு திறங்கள். அதன் முகவரியைப் பத்திரிகை விளம்பரத்தில் எக்ஸ் முகவரிக்கு மேலே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அறிவிப்புகளைத் தினமும் படிக்கும் ஒரு வாசகர்