தமிழ்க் கருவிகளை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒருங்குறி (யூனிகோட்) மாற்றி, சொற்பிழை திருத்தி, எழுத்துகளைப் பிரிக்கும் நிரல் என்று சம்பளம் வாங்காமல் நீங்கள் எழுதி வைத்திருப்பவற்றைக் கொண்டுதான் பல ஆண்டுகளாக என் வேலை நடக்கிறது. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். உங்கள் கருவிகளுக்கான விளக்கத்தைக் கொஞ்சம் விரித்து எழுதுங்கள். சொன்ன வேலையைத் தாமே கருவிகளை இயக்கிச் செய்யும் ஏஐ ஏஜெண்டுகளும் இப்போது அதைப் படிக்கின்றன. படித்த கையோடு வேலையையும் தொடங்கிவிடுகின்றன.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய சிற்றிதழ்க் கோப்புகள் 300-க்கு மேல் என்னிடம் இருந்தன. ஒருங்குறிக்கு மாற்றும் வேலையை ஓர் ஏஜெண்டிடம் கொடுத்து, ஒரு மாற்றியையும் காட்டினேன். அந்த மாற்றிக்கு இருந்த விளக்கம் ஒரே வரி: ‘பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும்.’ பாமினியில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருப்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில். அதனால் உண்மையிலேயே ஆங்கிலத்தில் இருந்த பெயர்களும் முகவரிகளும் பொருளற்ற தமிழெழுத்துக் குவியலாகிப்போயின. மாற்றியோ மூலக்கோப்பின் மேலேயே எழுதியது. கடைசியில், பிழை எதுவும் இல்லை என்று பொருள்படும் 0-வைத் திருப்பித் தந்தது. ஏஜெண்டும் ‘முடிந்தது’ என்றது. நல்லவேளை, வேறொரு வட்டில் படி வைத்திருந்தேன்.

ஏஜெண்ட் ஒரு கோப்பைச் சோதித்துப் பார்த்திருக்கலாம். நானும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ‘ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறியாது, மூலக்கோப்பை அழித்து எழுதும்’ என்ற இன்னொரு வரி இருந்திருந்தால், அது அந்த வழியில் போயிருக்காது என்றே நம்புகிறேன். ஏஐ செயலிகளை வெளிக்கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையைப் பாருங்கள். ஒரு கருவியைப் பற்றி, ஏஜெண்டை இயக்கும் மொழி மாதிரிக்குப் போய்ச்சேர்வது முக்கியமாக அதன் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் விவரம் ஆகியவைதான். நிரலுக்குள்ளே நீங்கள் பொறுமையாக எழுதிய குறிப்புகள் அங்கே போவதில்லை.

தமிழுக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. ‘சொல்லின் நீளத்தைத் தரும்’ என்று ஒரு செயல்கூறுக்கு விளக்கம் எழுதுகிறோம். எந்த நீளம்? ‘தமிழ்’ என்பதில் எழுத்துகள் 3. பைத்தான் நிரல்மொழியில் நீளத்தைச் சொல்லும் லென் 5 என்று சொல்லும், ஏனென்றால் அது இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. யூடிஎஃப்-8 முறையில் சேமித்த கோப்பில் அதே சொல் 15 பைட்டுகள். ஒரு தலைப்பை 4-இல் வெட்டு என்று ஏஜெண்ட் அழைத்தால், புள்ளி விழுந்து ‘தமிழ’ என்று நிற்கும். எழுத்துகளைச் சரியாகப் பிரிக்கும் செயல்கூறு ஓப்பன்-தமிழ் என்ற நிரல் நூலகத்தில் இருக்கிறது. ஆனால் எது எதை எண்ணுகிறது என்று எழுதியிருந்தால்தானே எதை எடுக்க வேண்டும் என்று தெரியும்?

பிழைச்செய்தியையும் விளக்கத்தின் பகுதியாகவே நினையுங்கள். ‘தவறான உள்ளீடு’ என்று வந்தால் ஏஜெண்ட் ஊகித்து ஊகித்து முட்டிக்கொள்கிறது. ‘மூலக் குறியாக்கம் பாமினி, திஸ்கி, தாப், தாம் ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும்’ என்று வந்தால் அடுத்த முறையே திருத்திக்கொள்ளும். அப்புறம், எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும், கொடுப்பதும் கிடைப்பதுமாக ஓர் எடுத்துக்காட்டையும் சேர்த்துவிடுங்கள்.

பத்துப் பக்கம் எழுத வேண்டியதில்லை. இணைத்திருக்கும் ஒவ்வொரு கருவியின் விளக்கமும், மொழி மாதிரி ஒரே சமயத்தில் கவனிக்கக்கூடிய இடத்தில் பங்கு கேட்கிறது. பத்து வரி இருந்தால் பெரும்பாலும் போதும். 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டைப் பாருங்கள். சுருக்கமான பக்கங்கள்தான், ஆனாலும் குறைகளைச் சொல்ல ‘பக்ஸ்’ என்று ஒரு பகுதியை ஒதுக்கி வைத்தார்கள். தங்கள் கருவி எங்கே சறுக்கும் என்று எழுதியவர்களே ஒப்புக்கொண்ட அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். கருவியோடு நீங்கள் வைக்கும் ரீட்மீ விளக்கக் கோப்பிலும் அது வேண்டும்.

நேரம் இல்லை என்பீர்கள், தெரியும். அதனால் நான் பயன்படுத்தும் கருவிகளுக்கு விளக்க வரைவுகளை நானே எழுதி அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். முதலாவது அந்தப் பாமினி மாற்றிக்கு. அதில் ஒரே ஓர் இடம் மட்டும் காலியாக இருக்கிறது: ஒரே கோப்பில் பாமினியும் ஒருங்குறியும் கலந்து வந்தால் கருவி என்ன செய்ய வேண்டும் என்று நினைத்து எழுதினீர்கள்? அதை எழுதியவர்தான் நிரப்ப முடியும்.

அன்புடன்,
உங்கள் கருவிகளின் பயனர் ஒருவர்