பேத்தி பாடப்போகும் அறுப்புப் பாட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம். கண்மாய்த் தண்ணி கடைசி வரைக்கும் நின்னதால இந்த வருஷம் கதிர் நல்லாப் பிடிச்சிருக்கு.

பொங்கல் விழாவுல பாப்பா கதிரறுப்புப் பாட்டுப் பாடப்போறாள்னு நீ போன்ல சொன்னதும் எனக்குக் கால் தரையில பாவல. அதுவும் கொல்லங்குடி கருப்பாயி பாடுற மெட்டுல! நம்ம சிவகங்கைச் சீமையில வயல்வேலை பார்த்துப் பாடிப் பழகின குரல் அது. வானொலியில ஒலிச்சு, 1985-ல 'ஆண்பாவம்' படத்துல பாட்டியா வந்து, 1993-ல கலைமாமணி வாங்கினாங்க. 2025 ஜூன்ல, 99 வயசுல போய்ச் சேர்ந்தாங்க. அவங்க பாடினதை அப்படியே ஒப்பிக்க வைக்காதே தாயி. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

அறுப்புப் பாட்டு குனிஞ்சு பாடுற பாட்டு. இடது கையில தாளைக் கூட்டிப் பிடிச்சு, வலது கையில கதிரருவாளை இழுத்து, அறுத்த பிடியை, அதான் அரியை, கீழே போடணும். அந்த மூச்சு எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு அடி. மூச்சு முட்டுற இடத்துல கூட வர்றவங்க 'தன்னானே' போட்டுத் தாங்கிப்பாங்க. அதனால பாப்பாவைத் தனியா நிறுத்தாதே. பின்பாட்டுக்கு நாலு பிள்ளைகளைச் சேர்.

வார்த்தையும் அன்னன்னைக்கு வயல்ல பிறந்ததுதான். கருப்பாயி அம்மாவோட பெருமையே, கண்ணுல பட்டதை அந்த இடத்துலயே பாட்டாக் கட்டிடுறது. எங்க கூட்டத்துலயும் அந்தக் கெட்டிக்காரிகள் இருந்தாங்க. கூலியை நெல்லா மரக்கால்ங்கிற படியில அளக்குற காலம். பொழுது சாயுறப்ப வயல்காரர் வரப்புல நின்னா எடுத்துவிடுவோம்:

மேக்க வெயில் சாஞ்சிருச்சு
மெட்டிக் காலு ஓஞ்சிருச்சு
மரக்காலை நெறச்சளங்க
மகராசன் வீட்டாரே!

நேராக் கேட்டா சண்டைக்கு வருவார். பாட்டாக் கேட்டா சிரிச்சுக்கிட்டே தலை தட்டாம அளந்து போடுவார். கூலி கேட்க எங்களுக்கு இருந்த வாய் அது ஒண்ணுதான். களத்துப் பாட்டுன்னா வெறும் ஆட்டம்பாட்டம்னு யாரும் பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்துடக் கூடாது. சிலப்பதிகாரத்துலயே களத்துல நெல் அடிக்கிறவங்க பாடுற முகவைப் பாட்டு வருதுன்னு உங்க அப்பா சொல்வார். அவ்வளவு பழைய வழக்கம்.

முதல் அடியைக் கருப்பாயி அம்மா பேரைச் சொல்லி எடுக்கட்டும். அடுத்த அடியில பாப்பா தான் பார்த்ததைப் பாடட்டும். உங்க மாடியில காய்ற துணியா இருந்தாலும் சரி, ராத்திரி வேலை முடிஞ்சு நீ வர்ற பஸ்ஸா இருந்தாலும் சரி. முடிவுல குலவை போடணும். நாக்கைச் சுழட்டுறதைப் போன்லயே நான் பழக்குறேன்.

நம்ம வயலுக்கு மாசியிலதான் அறுப்பு மெஷின் வருது. மூலையில மெஷின் திரும்பாது, அந்தக் கதிரைக் கையாலதான் அறுக்கணும். அப்போ பாப்பாவுக்கு லீவு கிடைக்குமான்னு கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா