காட்டு நடைக்கும் ஒரு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒகேனக்கல்லுக்கு வருவோர் அருவியில் குளித்து, பரிசல் ஏறி, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு அன்று மாலையே திரும்பிவிடுகிறார்கள். 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும் 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில்தான் இருக்கின்றன என்பது உள்ளூர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

மார்கழிக் கடைசியில், வனத்துறையிடம் முன் அனுமதி பெற்று, வேட்டைத் தடுப்புக் காவலர் இருவர் துணையோடு அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டில் நானும் என் பேரனும் இரண்டு மணி நேரம் நடந்தோம். எட்டரை மணிக்குப் பனி விலகி வெயில் முதுகில் உறைக்கத் தொடங்கியதும் கழுத்துத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். இந்த வயதில் அந்த இளஞ்சூட்டுக்கு ஈடான மருந்து வேறில்லை. ஆற்றோர மருத மரமொன்றில், தன் உடலளவு நீண்ட வாலைத் தொங்கவிட்டபடி சாம்பல் நிற மலை அணில் ஒன்று அசையாமல் வெயில் காய்ந்தது. அதைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் போக வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். எதிர்க்கரைப் பாறையில் முதலை ஒன்றும் வாயைப் பிளந்தபடி அதே வேலையாகக் கிடந்தது.

திரும்பும் வழியில் ஆவி அடங்காத யானைச் சாணம் கிடந்தது. காவலர் அதைக் குச்சியால் பிளந்து, உள்ளே இருந்த கேழ்வரகுத் தாளைக் காட்டி, "ராத்திரி யாரோ ஒருத்தர் வெள்ளாமை போயிருச்சுங்க" என்றார். பேரன் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

கர்நாடகத்தின் பன்னர்கட்டாக் காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இங்கு வந்து தங்குவது பெரும்பாலும் அக்டோபர் முதல் பிப்ரவரி வரைதான். நடப்பதற்கு உகந்த வெயிலும் அதே மாதங்களில்தான் கிடைக்கிறது. ஆகவே காட்டைத் திறந்துவிடும்படி நான் கேட்கவில்லை. ஒலிபெருக்கியும் மதுபாட்டிலுமாக வருவோரைப் பார்த்த எவரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். யானை நடமாட்டம் இல்லை என்று வனத்துறை உறுதிசெய்யும் நாட்களில் மட்டும், வரையறுத்த குறுகிய பாதையொன்றில், பத்துப் பேருக்கு மிகாத குழுவாக, காலை எட்டு முதல் பத்து மணி வரை, மலைக்கிராமத்து இளைஞர்களை வழிகாட்டிகளாகக் கொண்டு அழைத்துச் செல்லலாம். அதற்கு வசூலிக்கும் கட்டணம் அந்த இளைஞர்களின் கைக்கே போய்ச் சேர வேண்டும். வரும் மார்கழிக்குள் ஒரு பாதையிலாவது இதைத் தொடங்கிப் பார்க்குமாறு வனத்துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பென்னாகரம்.