சைக்கிளுக்கும் வீதியில் ஓர் ஓரம் வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திக்கும் டிப்போச் சந்திக்கும் இடையில் ஒருநாள் மாலை ஆறரை மணிக்கு நின்று பாருங்கள். வகுப்பு முடிந்து பிள்ளைகள் சைக்கிளில் திரும்பும் நேரம் அது. யாழ்ப்பாணம் போகும் பஸ், மணல் ஏற்றிய டிப்பர், அவசரத்தில் பறக்கும் வான் எல்லாவற்றுக்கும் அதே ஏ9 வீதிதான். பல சைக்கிள்களின் பின்னால் ஒரு சிவப்புப் பொட்டுக்கூட மின்னுவதில்லை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் 14 மீற்றர் கடந்துவிடும். சாரதி கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கும் என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஆனால் எங்களுக்குப் பெரிய பயம் இருட்டல்ல, தார்க் காபெட் போட்ட வீதியின் விளிம்பு. மாரி மழை வீதியோர மண்ணை அரித்துக்கொண்டு போக, விளிம்பு படிபோல உயர்ந்து நிற்கிறது. பின்னால் ஹோர்ன் கேட்டதும் பிள்ளை இடப்பக்கம் ஒதுங்குகிறது. முன்சில்லு பள்ளத்தில் இறங்குகிறது. மறுபடி ஏறப் பார்க்கும்போது ரயர் விளிம்போடு உரசி மறுக்கிறது. அப்போது சைக்கிள் சரிவது மண் பக்கமல்ல, வீதிப் பக்கம். எங்கள் குழுவில் ஒருவரின் மகளுக்குக் கடந்த மாரியில் தோள் எலும்பு முறிந்தது இப்படித்தான். பின்னால் வந்த டிப்பர் அவளைத் தொடவே இல்லை. ஹோர்ன் மட்டும் அடித்தது.

எரிபொருளுக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில் வன்னியைச் சுமந்தது சைக்கிள். நோயாளியும் நெல் மூட்டையும் விறகும் அதன் கரியரில்தான் போயின. 2009இல் போரின் கடைசிவரை உருட்டிக்கொண்டு போய், முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்ததும் அதைத்தான். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது தூசு தட்டி வெளியில் எடுத்ததும் அதைத்தான். வீதி நன்றாக வந்த பிறகு அதற்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று.

“எல்லோரும் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார்களே, இதற்கு ஏன் காசு?” என்று சிலர் கேட்கிறார்கள். கேட்டவர்கள் எல்லோரும் மோட்டார் சைக்கிளில் வந்துதான் கேட்டார்கள்.

ஏ9 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. அனுமதியின்றி அதன் ஓரத்தில் ஒரு கூடை மண்ணும் போட முடியாது. அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை, பாடசாலைகளுக்குப் போகும் உள்வீதிகளில் பிரதேச சபையின் சம்மதத்தோடு வேலையைத் தொடங்குகிறோம். விளிம்புக்குச் சமமாகக் கிரவல் நிரப்பி இறுக்குவதே முதல் வேலை. பணத்தின் பெரும்பங்கு அதற்கே போகும். மாணவர்களின் சைக்கிள்களுக்குப் பின்விளக்கும், மட்காட்டிலும் பெடலிலும் ஒளித்தெறிப்பு நாடாவும் பொருத்துவோம். பெடலில் ஒட்டுவது அலங்காரத்துக்கல்ல: மேலும் கீழுமாக அசையும் வெளிச்சத்தைக் கண்டால், முன்னால் போவது சைக்கிள் என்று சாரதிக்கு உடனே விளங்கும். நண்பகல் வெயிலுக்கு மருதும் வேம்பும் நடுவோம். கட்டாக்காலி மாடுகள் இருக்கிற ஊர் என்பதால் மரக்கன்றை விட அதைச் சுற்றிப் போடும் கூட்டுக்குத்தான் செலவு அதிகம்.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லவேண்டும். அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் நெல்லைக் காயப்போட்டு சைக்கிளை நடுவீதிக்குத் தள்ளுவது நாங்கள்தான். குழுவில் உள்ள விவசாயிகள் இனி அப்படிச் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஏ9 வீதியோர முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் இறங்கிக் கற்பூரம் கொளுத்தாமல் போகிறவர்கள் குறைவு. என்றாலும் எல்லாவற்றையும் பிள்ளையார் தலையில் போடுவது நியாயமில்லை.

டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் இருக்கும் உறவுகளே, உங்கள் பிள்ளைகள் சைக்கிளுக்கென்றே போட்ட பாதையில் பள்ளிக்கூடம் போகிறார்கள். நாங்கள் கேட்பது அதுவல்ல, விழாமல் ஒதுங்க ஒரு முழ அகலம். ஒரு லோட் கிரவல், ஒரு சைக்கிளுக்கான விளக்கு, ஒரு மரக்கூடு என்று எதையும் உங்கள் பெயரிலோ மறைந்த உறவின் நினைவாகவோ பொறுப்பேற்கலாம். விலை விபரம் பொதுநோக்கு மண்டபச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. ஒவ்வொரு ரூபாய்க்கும் பொருளாளர் பற்றுச்சீட்டு தருவார். வரவு செலவும் மாதந்தோறும் அதே சுவரில் ஒட்டப்படும்.

டிப்பர் வைத்திருப்பவர்கள் ஒருநாள் கிரவல் ஏற்றித் தந்தால் அதைப் பணத்துக்கு மேலாகவே மதிப்போம். ஐப்பசி மழைக்கு முன் வேலை முடியவேண்டும். உள்ளூரில் இருப்பவர்கள் ஞாயிறு காலைச் சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வாருங்கள். சைக்கிளில் வந்தால் காற்றடிக்கும் பம்பு எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
குழுவினர்,
கிளிநொச்சி